குறை சொல்லும் கடமை

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் எம்.ரெட்டியபட்டியில் வாழ்கிறார். வயது இருபத்து மூன்று. அவருடைய அத்தா கரிசல் நிலத்தில் மழையை நம்பி மல்லியும் உளுந்தும் விதைப்பவர். ஈராண்டுகளுக்கு முன் மகன் திருமணப் படம் எடுக்கும் தொழிலில் இறங்க விரும்பியபோது, வீட்டில் நின்ற இரண்டு ஆடுகளை விற்று, பிறர் கைமாறிய கேமரா ஒன்றை வாங்கிக் கொடுத்தார்.

உறவினர் வீட்டு நிக்காஹ் ஒன்றுதான் அவருடைய முதல் வேலை. படங்களை ஆல்பமாக்கி, "ஹஜ்ரத், பார்த்துச் சொல்லுங்கள்" என்று நம் கையில் கொடுத்தார். புரட்டினோம். உச்சி வெயிலில் எடுத்த படங்களில் மாப்பிள்ளையின் கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கருங்குழிகள் இருந்தன. வெள்ளைச் சட்டைகள் சாம்பல் பூத்திருந்தன. பந்தலின் சிவப்புத் துணி எல்லார் முகத்திலும் நிறம் பூசியிருந்தது. தப்தரில் கையொப்பமிடும் கை, மணிக்கட்டோடு வெட்டுண்டு நின்றது. இவ்வளவையும் நம் கண் கண்டது. ஆனால் நம் நாவோ, "மாஷா அல்லாஹ், மிக நன்று" என்றது. விற்ற ஆடுகளின் நினைவு நம்மை அவ்வாறு சொல்லவைத்தது. அதை இரக்கம் என்றே அன்று எண்ணிக்கொண்டோம்.

அந்தப் பாராட்டை நம்பி அவர் அயலார் வீட்டு நிக்காஹ் ஒன்றை ஒப்புக்கொண்டார். அங்கும் அதே வெயில், அதே பந்தல், அதே குறைகள். மீதிப் பணத்தை அவ்வீட்டார் தரவில்லை. அது போகட்டும். மணப்பெண்ணின் பாட்டியார் அந்த நிக்காஹ் நடந்து நாற்பது நாள் கழியுமுன் வஃபாத்தாகிவிட்டார். அவர் கடைசியாகப் படத்தில் விழுந்தது அந்தப் பந்தலில்தான். தேடி எடுத்துப் பார்த்தால் முக்காடு தெரிகிறது, முகம் தெரியவில்லை.

மாணவர் நம்மிடம் வந்தார். கோபம் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "முதல் ஆல்பத்திலும் இந்தக் குறை இருந்திருக்கிறதே, ஹஜ்ரத். நீங்கள் பார்க்கவில்லையா?"

பார்த்தோம் என்று சொல்ல நமக்கு வெட்கமாயிருந்தது. ஆயினும் சொன்னோம்.

அன்றிரவு இரண்டு அரபுச் சொற்கள் நம்மை உறங்கவிடவில்லை. விமரிசனத்தை அரபியர் 'நக்த்' என்பர். நாணயங்களைத் தட்டிப் பார்த்து, நல்லதையும் கள்ளத்தையும் பிரிக்கும் செயலுக்கு வழங்கிய சொல் அது. நல்லுபதேசத்தை 'நஸீஹத்' என்பர். அதன் வேருக்குத் துணியைத் தைத்தல் என்றொரு பொருளையும், மெழுகு நீக்கித் தேனைத் தெளிவாக்குதல் என்றொரு பொருளையும் அகராதி ஆசிரியர்கள் தருவார்கள். கிழிசலைக் கண்டும் காணாதவன் தையற்காரன் ஆகமாட்டான். கிழிசலைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போகிறவனும் ஆகமாட்டான். எங்கே கிழிந்திருக்கிறது என்று கண்டு, ஊசியும் நூலும் எடுப்பவனே தையற்காரன். நெசவுக்குப் பேர்பெற்ற அருப்புக்கோட்டைப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை நாம் மறந்திருந்தோமே!

நாம் ஓதிய காலத்தில் 'ளாத்' என்னும் எழுத்து நம் நாவில் ஒரு மாதம் வரை சரியாக வரவில்லை. நம் உஸ்தாது ஒருநாளும் "பரவாயில்லை" என்றதில்லை; "உனக்கு வராது" என்றதும் இல்லை. நாவின் ஓரம் கடைவாய்ப்பல்லை எங்கே தொடவேண்டும் என்று தம் வாயைத் திறந்து காட்டுவார். மறுபடி ஓதச் சொல்வார். நாம் பெற்ற அந்தப் பேற்றை நம் மாணவருக்கு நாம் மறுத்திருந்தோம்.

வெறுமனே வருந்திக்கொண்டிருந்தால் போதாது என்று கருதி, அருப்புக்கோட்டையில் ஃபிலிம் காலத்தில் ஸ்டுடியோ நடத்தி ஓய்ந்த முதியவர் ஒருவரிடம் மாணவரை அழைத்துச் சென்றோம். அவர் வீட்டுச் சுவரில் ரமண மகரிஷியின் புகழ்பெற்ற மார்பளவுப் படம் தொங்கியது. அருகிலுள்ள திருச்சுழியில் 1879இல் பிறந்த அவரை, 1946இல் வெல்லிங் என்னும் படப்பிடிப்பாளர் எடுத்தது. "மதம் இருக்கட்டும் பாய், அந்தக் கண்களைப் பாருங்கள். முகப்படம் என்றால் முதலில் கண்" என்றார் முதியவர்.

மாணவர் ஆல்பத்தை நீட்டினார். முதியவர் வாங்கவில்லை. "இதில் சேர்க்காமல் தள்ளினாயே, அவற்றைக் காட்டு" என்றார்.

இது அவருடைய தனி வழக்கம் என்றே நாம் நினைத்தோம். பின்னர்தான், 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டென்று படித்து அறிந்தோம். கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் அம்மையார், மகளும் மருமகனும் 1863இல் பரிசளித்த கேமராவைக் கொண்டு தம் 48ஆம் வயதில் இக்கலையைத் தொடங்கினார். படம் தெளிவாக இல்லை என்று லண்டன் படக்கலைச் சங்கத்தின் இதழ் கடிந்துரைத்தது. ஓவியர் வாட்ஸ் என்பவரோ வேறு வழி சொன்னார். அட்டையில் ஒட்டிய விலையுயர்ந்த படிகளை எமக்கு அனுப்ப வேண்டா. ஒட்டாத, பழுதுபட்ட படிகளையே அனுப்புங்கள், மதிப்பிட அவையே போதும் என்பது அவர் எழுதியதன் கருத்து. அவ்வம்மையார் பின்னாளில் இலங்கையில் குடியேறி, 1879இல் அங்கேயே மறைந்தார். இன்று அவர் படங்கள் அக்கலையின் செல்வங்களாகப் போற்றப்படுகின்றன.

முதியவர் மூன்றே படங்களை எடுத்து வைத்தார். முதலில், பெரியவர்கள் இருவர் ஒருவர் தோளை ஒருவர் பற்றிச் சிரிக்கும் படம். "இந்த நொடியைப் பிடித்தாய். இதை எவரும் கற்றுத்தர முடியாது, உன்னிடம் இருக்கிறது" என்றார். பிறகு குறைக்கு வந்தார். "கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்கிடும். வெள்ளாடைக் கூட்டத்தைக் கண்டால் வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து குறைத்துவிடும்; முகம் கறுக்கும். அங்கே நீதான் ஒரு படி ஒளியைக் கூட்டவேண்டும். உச்சி வெயில் புருவத்து நிழலைக் கண்ணில் கொட்டும். ஆளைத் திண்ணை ஓரத்துக்கு அழைத்து, வெளிச்சம் வரும் பக்கம் முகம் திருப்பு. சிவப்புப் பந்தலின் நடுவே நிறுத்தாதே, விளிம்புக்குக் கொண்டு வா" என்றார். வெட்டுண்ட கையைப் பற்றி மாணவரே கேட்டபோது, "அது அடுத்த மாதம். இந்த மாதம் கண்ணில் ஒளி விழுகிறதா என்பதை மட்டும் பார்" என்று முடித்துவிட்டார்.

பேருந்தில் திரும்புகையில் இப்னுல் ஹைஸமைப் பற்றி மாணவரிடம் பேசினோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'கிதாபுல் மனாழிர்' எழுதி, ஒளி நேர்கோட்டில் செல்வதையும், இருட்டறையின் துளைவழியே அது புகுவதையும் ஆராய்ந்த பேரறிஞர் அவர். தாலமியின் நூல்களிலுள்ள பிழைகளை எடுத்துக்காட்டத் தனி நூலே எழுதியவரும் அவரே. அந்நூலில், பிறரை ஆராய்பவன் தன்னையும் ஐயுறவேண்டும் என்று அவர் வலியுறுத்துகிறார். குறை கேட்பவருக்கு மட்டுமன்று, குறை சொல்பவருக்கும் அது பாடம்.

மாணவர் தமக்கென ஓர் ஒழுங்கும் வகுத்துக்கொண்டார். பிறர் வீட்டுப் பெண்களின் படங்கள் அமானத் ஆதலால், கருத்துக் கேட்க அவற்றை எங்கும் காட்டுவதில்லை. பழகுவதற்குத் தம் அத்தாவைத் திண்ணையில் அமர்த்தி, காலை, நண்பகல், அஸருக்குப் பின் என மூன்று பொழுதிலும் எடுத்து ஒப்பிடுகிறார். அந்த மனிதர், மல்லிக்காட்டு வேலையை விட்டு வந்து பொறுமையாக அமர்ந்திருக்கிறார்.

பாட்டியாரின் முகம் திரும்ப வராது. அந்த வீட்டாரிடம் நாமும் உடன்சென்று மன்னிப்புக் கேட்டோம். வாங்கிய முன்பணத்தை மாணவர் திருப்பிக் கொடுத்தார்.

சென்ற மாதம் மதரஸா மலருக்கு நம் படம் தேவைப்பட்டது. மாணவரே வந்து எடுத்தார். வாயில் ஓரத்தில் நம்மை நிறுத்தி, நெடுநேரம் பார்த்தார். "ஹஜ்ரத், தவறாக எண்ணவேண்டாம். தொப்பி நெற்றியில் இறங்கியிருக்கிறது, கண்ணில் நிழல் விழுகிறது" என்றார்.

தொப்பியைச் சற்றே மேலேற்றிக்கொண்டோம்.