நயினைப் படகில் ஒரு தவில் வாதம்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்த நாம், நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்காக நயினாதீவுப் படகில் ஏறினோம். அங்கே தவிலைப் பற்றிய வாதம் மூண்டிருந்தது.

1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்திக்கு நிகரில்லை என்றார் பெரியவர் ஒருவர். "இன்றைய வித்துவான்களின் வேகத்தைக் கேளுங்கள், ஐயா" என்றான் ஒரு மாணவன்.

"வேகம் மட்டும் போதுமா, தம்பி? நாதஸ்வரத்தின் கீர்த்தனைக்கு இணங்கி வாசிப்பதும் வித்தையல்லவா?"

"அவரை நாங்கள் ஒலிப்பதிவில்தானே கேட்டோம்! நேரிற் கேட்ட நீங்கள் சொல்லித்தாருங்கள்" என்றதும், பெரியவரின் குரல் தணிந்தது.

கோயில் வீதியில் மேளம் முழங்கியபோது இருவரும் அருகருகே அமர்ந்து தாளம் போட்டனர். நேரிற் கேட்ட செவிகள் குறைந்து வருகின்றன. அவை உள்ளபோதே இளையோர் இவ்வாறு வாதாடிக் கேட்டறிதல் நன்று.