அறைக்குள் அடங்காத ஒலி

ஒலிக்குத் திசை உண்டென்பது எமது அன்றாட அனுபவம். முதுகுப்புறத்தே காகம் கரைந்தால் திரும்பிப் பார்க்கிறோம். வேலிக்கு அப்பால் ஒருவர் கூப்பிட்டால் எந்தப் பொட்டின் வழியாக அக்குரல் வருகிறதென்பதையும் அறிகிறோம். ஆயினும் மிகத் தாழ்ந்த மீடிறன் கொண்ட ஒலிகள் இவ்வழக்கத்துக்கு அடங்குவதில்லை. 80 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நாலு மீற்றருக்கும் மேற்பட்டது. இரு காதுகளுக்கும் இடைப்பட்ட ஒரு சாண் தூரம் அத்துணை நீண்ட அலைக்கு ஒரு பொருட்டன்று. ஆதலினாலேயே, சுற்றொலி ஏற்பாட்டில் ஐந்து ஒலிபெருக்கிகளுக்கு ஐந்து திசைகளை வகுத்தவர்கள், தாழ்தொனிக்கெனத் திசையற்ற ஒரு பெட்டியைத் தனியே வைத்தனர். ‘சப்வூபர்’ எனப்படும் அப்பெட்டியைப் புங்குடுதீவில் எமது பழைய வீட்டின் ஓரறையில் நிறுவ முற்பட்டபோது கண்டவை சிலவற்றை இங்கு எழுதுகிறேன்.

1991இல் ஊர் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தோர் சிலர். ரொறன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் நிலைத்துவிட்டோர் பலர். அவர்கள் ஊரைக் கேட்க விரும்புகிறார்கள். கண்ணகி அம்மன் கோயில் திருவிழாவின் தவிலையும், குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குப் புறப்படும் படகின் இயந்திர ஓசையையும், முதியோரின் பேச்சையும் கைத்தொலைபேசியிற் பதிந்து அனுப்பினால், அங்கே தவிலின் வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது. தொப்பியற்ற தவில் பாதித் தவில். அளவெட்டி தட்சிணாமூர்த்தி (1933–1975) பிறந்த மண்ணிலிருந்து பாதித் தவிலை அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. முழுவதையும் பதிவதற்கு நல்ல ஒலிவாங்கி போதும். பதிந்தது சரியா என்று அறிவதற்கோ, தாழ்தொனியைப் பொய்யின்றிக் காட்டும் ஓர் அறை வேண்டும். எமது கலையகம் இவ்வாறு தோன்றியது. கலையகம் என்பது பெரிய சொல். பதினொன்றரை அடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட, முன்னர் நெல் மூடை அடுக்கிய அறை அது.

சிறிய அறையில் தாழ்தொனி படுத்தும் பாட்டை உயர்தரப் பௌதிகம் படித்தோர் எளிதில் உணர்வர். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நின்ற அலை உண்டாகிறது. சுவர்களுக்கு இடைப்பட்ட தூரம் அரை அலைநீளத்துக்குச் சமமாகும் மீடிறனில் அறை பரிவுறும். எமது அறையின் நீளத்துக்கு அது ஏறத்தாழ 49 ஹேர்ட்ஸ், அகலத்துக்கு 57. அழுத்தம் சுவரோரத்தில் உச்சமாகவும் நடுவில் இல்லாததாகவும் அமைவதால், நடு அறையில் அமர்ந்தவர் தொப்பியின் ஒலியை இழப்பர். மூலையில் நிற்பவரோ அதனால் அறையப்படுவர். ஒரே தவிலை இரு இடங்களில் நின்று இரு வாத்தியங்களாகக் கேட்கலாம். எனவே இருக்கையை நீளத்தின் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்ட இடத்தில் அமைத்தேன். பெட்டிக்கு இடந்தேடும் முறை வேடிக்கையானது: பெட்டியை இருக்கையில் ஏற்றி ஒலிக்கவிட்டு, நாம் நிலத்தில் தவழ்ந்து சுவரோரமாகச் சுற்றிவர வேண்டும். ஒலி எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், இருக்கையிலும் அது சீராகக் கேட்கும். நாற்பது வயதுக்கு மேல் இவ்வாறு தவழ்வதற்கு அறைக் கதவைச் சாத்திக்கொள்வது நலம்.

இன்னொரு தொல்லை மின்சாரத்தால் வந்தது. எமது மின்னோட்டத்தின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். அறையின் பரிவோ 49. புவித்தொடுப்பு நலிந்திருந்தபடியால் கருவிகளில் ஏறிய மெல்லிய இரைச்சலை அறை எடுத்து வளர்த்தது. சோளகம் வீசும் வறண்ட மாதங்களில் மணல் காய்ந்து, புவித்தொடுப்புக் கம்பி பயனற்றுப் போகிறது. கிணற்றடி ஈரத்தில் புதுக்கம்பி இறக்கியபின் இரைச்சல் தணிந்தது. உப்புக்காற்றிற் செம்பு இணைப்புகள் பச்சை பூப்பது வேறு கதை. 1990க்குப் பின் சில ஆண்டுகள் மின்சாரமே இன்றி, சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் ஆதலால், இவற்றைப் பெருந்துன்பமாகக் கொள்ளேன். இந்தியாவின் முதல் டொல்பி சுற்றொலிப் படங்களுள் ஒன்றாகிய ‘குருதிப்புனல்’ வெளிவந்த 1995இலும் எமக்கு ஒலி என்பது மிதிக்கும் வரை வருவதுதான்.

ஏனைய ஒலிபெருக்கிகள் அதிகம் வருத்தவில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதப்புரைப்படி நடுவொன்று நேரெதிரே. முன்னிரண்டும் அதிலிருந்து முப்பது பாகை விலகி. பின்னிரண்டும் 100 முதல் 120 பாகைக்குள். யாவும் இருக்கையிலிருந்து ஒரே தூரத்தில். அத்தூரம் எமக்கு நாலடியைச் சிறிதே தாண்டியது. சப்வூபரின் அவத்தையை முன்னவற்றோடு ஒத்துப்போகச் செய்து, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டவற்றை அதனிடம் ஒப்படைத்தேன்.

மூன்றாம் நாள் மாலை, அடுத்த வளவில் தனியே வாழும் ஆச்சி வேலியோரம் வந்து நின்றார்.

“மோனை, கடற்கரைப் பக்கம் ஏதும் வெடிக்குதே?”

“இல்லை ஆச்சி, எங்கட கோயில் தவில்தான்.”

“தவிலெண்டால் இப்பிடியே கேக்கும்?”

அவருடைய திண்ணையில் போய் இருந்து கேட்டேன். ஆச்சி சொன்னது முற்றிலும் சரி. உயர்ந்த மீடிறன்களை எமது தடித்த சுண்ணக்கற் சுவர் மறித்துவிடுகிறது. நாதஸ்வரம் இல்லை, தாளம் இல்லை, வலந்தலை இல்லை. நீண்ட அலைகள் மட்டும் சுவரையும் ஓட்டுக் கூரையையும் கடந்து செல்கின்றன. திசையும் தெரியாது, ஆதலின் கடற்புறமென்றே மனம் கொள்ளும். இசையிலிருந்து இசையை வடித்தெடுத்தபின் எஞ்சும் அதிர்வு, தொலைவில் விழும் ஷெல்லின் ஓசையினின்றும் வேறுபட்டதன்று. மூன்று மாலைகளாக ஆச்சி அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். கைப்பையில் அடையாள அட்டையையும் மருந்தையும் எடுத்து வைத்துமிருந்தார்.

தும்புப் பாயும் திரைச்சீலையும் இதற்கு உதவா. 50 ஹேர்ட்ஸ் ஒலியை உறிஞ்ச வேண்டின் ஆறடி அளவு தடித்த பொதி தேவைப்படும்; அறையிற் பாதி போய்விடும். பெட்டியை வேலிப்பக்கச் சுவரிலிருந்து பெயர்த்து, இறப்பர்க் கட்டைகளின்மேல் நிறுத்தி, அதன் மட்டத்தை நூல்கள் விதிப்பதற்குக் குறைவாக வைத்துள்ளேன். அதற்கேற்பக் காதைப் பழக்கிக்கொள்ளலாம். முழு மட்டத்தில் கேட்கவேண்டியவற்றைக் காலை பத்து மணிக்கு மேல், ஆச்சியிடம் சொல்லிய பின்னரே கேட்கிறேன். இரவில் தலையணி ஒலிபெருக்கிதான்.

பின்பொரு நாள் ஆச்சியை அந்த இருக்கையில் அமர்த்தி, திருவிழாப் பதிவை முழுமையாகக் கேட்கவைத்தேன். தவில் முன்னே எழுந்தபோது அசையாதிருந்தார். பின்வலப்புற ஒலிபெருக்கியில், பதிவில் தற்செயலாக அகப்பட்ட கிணற்றுக் கப்பியின் கிறீச்சொலி வந்ததும் சட்டெனத் திரும்பிப் பார்த்து, “ஆர் மோனை தண்ணி அள்ளுறது?” என்றார். பதிவு முடிந்ததும் தொப்பிச் சத்தம் இன்னும் கொஞ்சம் கேட்கவேண்டும் என்று குறை சொல்லிவிட்டுப் போனார். கூட்டினால் அவருடைய திண்ணைக்கு எவ்வளவு போகும் என்பதை வரும் வாரம் அளக்கவிருக்கிறேன்.