முழங்கால் (இடது)

திருநின்றவூர் ஸ்டேஷனில் காலை ட்ரெயினுக்கு நிற்கும் கூட்டத்தில் ஒரு அக்கா. பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட் பக்கம் போனால் ஆபீஸ். வேலை, மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் யாரோ ஒரு டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான்.

அக்காவுக்கு ஒரு தம்பி. பி.காம் இரண்டாம் வருஷம். ஊரே கிரிக்கெட் ஆட, இவனுக்கு மட்டும் ஃபுட்பால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்சில் பந்தோடு ஓடியவன், இடது காலை ஊன்றிச் சட்டென்று திரும்பினான். யாரும் இடிக்கவில்லை. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. சுளுக்கு என்று அம்மா எண்ணெய் தடவினார். மறுநாள் டாக்டர் சீட்டில் இரண்டே வார்த்தை: முழங்கால் வலி. கூடவே மாத்திரை.

அக்காவுக்கு அந்தச் சீட்டைப் பார்த்ததும் கோபம். ஊன்றித் திரும்பியது, டப் சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம்... இதே கதையை எத்தனை அமெரிக்கக் குறிப்புகளில் படித்திருக்கிறார்! முன்புறக் குறுக்குத் தசைநார், அதாவது ஏ.சி.எல். கிழிந்தால் இப்படித்தான் இருக்கும். ஆனால் கோடிங்கில் ஒரு சட்டம் உண்டு. டாக்டர் எழுதாததைக் கோடர் போடக் கூடாது. 'இடது முழங்கால் வலி' என்று எழுதினால் எம்25.562. அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.

டாக்டர் முழுசாக எழுதியிருந்தால் என்ன ஆகும்? எஸ்83.512ஏ. கடைசிக்கு முந்தைய 2 இடது கால், 1 என்றால் வலது. ஏ என்றால் சிகிச்சை நடக்கிறது. 2015 அக்டோபருக்கு முன் அமெரிக்காவில் இருந்த பழைய எண் 844.2. அதில் எந்தக் கால் என்றே தெரியாது! இப்போது விளையாடியது ஃபுட்பால் என்பதற்கு ஒய்93.66, அடிபட்டது ஃபுட்பால் மைதானத்தில் என்பதற்கு ஒய்92.322. (கிரிக்கெட்டுக்குத் தனி எண் கிடையாது, 'இதர' கணக்கில் தள்ளிவிட்டார்கள்.) இந்த ஒய் எண்களால் பொதுவாகப் பணம் வராது. ஜர்னல் என்ட்ரிக்குக் கீழே எழுதுகிற நரேஷன் மாதிரி, என்ன நடந்தது என்று சொல்வதோடு சரி.

கடல் தாண்டி இருக்கும் ஒரு பையன் விழுந்த மைதானத்துக்குக்கூட எண் தேடும் அக்காவின் சொந்தத் தம்பிக்கு, மூன்று வாரம் 'வலி' மட்டும்தான். பிறகு அக்காவே பிடிவாதமாக எம்.ஆர்.ஐ. எடுக்க வைத்தார். ஏ.சி.எல். முழுசாகக் கிழிந்திருந்தது.

எலும்பு டாக்டர் ஆபரேஷன் என்றார். அம்மா உடனே மாட்டேன் என்றுவிட்டார். காரணம் எல்லோருக்கும் தெரியும். 2022 நவம்பரில் வியாசர்பாடி கால்பந்து வீராங்கனை பிரியா, 17 வயது, இதே தசைநார் ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துபோனார். இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு, காலை எடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு டாக்டர்களை அரசு சஸ்பெண்ட் செய்தது. அந்தச் செய்தியை டி.வி.யில் பார்த்த எந்த அம்மாதான் சரி என்பார்? திருநின்றவூரில் இதயத்துக்கு இருதயாலீஸ்வரர் இருக்கிறார், பூசலார் மனசுக்குள்ளேயே கட்டிய கோயில். முழங்காலுக்குத்தான் யாரும் இல்லை.

அம்மாவின் பயம் முட்டாள்தனம் என்று அக்கா சொல்லவில்லை. அந்தச் சிக்கலுக்கும் கோடிங்கில் எண் உண்டு என்று அவருக்குத் தெரியும். அம்மாவிடம் எண்ணைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

தம்பி இப்போது பிசியோதெரபி போகிறான். ஸ்டேஷன் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறான். ஆபரேஷன் செய்தாலும் மைதானத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம் போல ஆகும், காலேஜ் டீம் போனது போனதுதான்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேட்க, அக்கா ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கட்டை எத்தனை மணிக்கு ஒருமுறை பிரித்துப் பார்ப்பீர்கள்? விரல் மரத்துப்போனால், மாத்திரைக்கு அடங்காமல் வலித்தால், ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? கீழே அம்மா தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "நான் பக்கத்திலேயே இருக்கலாமா?"