துண்டு விழும் தொகை

தோட்டவெளியில் நமது வீட்டுத் திண்ணையிலே மாலை வேளைகளில் பொருளியல் கற்க மாணவர் சிலர் கூடுவது வழக்கம். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒருநாள், பாடத்தை ஒதுக்கிவிட்டு விவாதம் ஒன்று வைத்தோம். நாடு நொந்திருக்கும் காலத்தில் அரசாங்கம் தன் செலவைச் சுருக்குவதா, பெருக்குவதா என்பதே பொருள். வீதியிலே கழுதைகள் இரண்டு இடையிடையே குரல் கொடுத்தன. மன்னாரில் எந்தக் கூட்டமும் அவையின்றி நிறைவுறுவதில்லை.

வரவை மிஞ்சிய செலவையே துண்டு விழும் தொகை என்கிறோம். குடும்பத் தலைவனுக்குத் துண்டு விழுந்தால் செலவைக் குறைப்பான், அரசாங்கமும் அவ்வாறே செய்தல் முறை என்று தொடங்கினான் ஒரு மாணவன். எதிர்த்துப் பேசிய மாணவி, 1936இல் நூல் வெளியிட்ட கெயின்ஸ் அறிஞரைத் துணைக்கழைத்தாள். ஒருவர் செலவு மற்றவர் வருவாய்; எல்லோரும் ஒரே வேளையில் கையை மூடினால் எல்லோருமே வருந்துவர்; அப்போது அரசாங்கமாவது கையைத் திறக்க வேண்டும் என்றாள். நன்று, ஆனால் அவ்வாண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்துவிட்ட நாடு எதைத் திறப்பது? கெயின்ஸின் மருந்து, கடன் கொடுப்பார் உள்ள நாட்டுக்குரியது என்று நாம் குறுக்கிட்டோம்.

உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த நமது அன்னையார், "எங்கட சின்ன வயசிலும் உப்பிடித்தான், பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டையும் நிப்பாட்டிப் போட்டாங்கள்" என்றார். அது 1953. றப்பர் விலை வீழ்ந்து, அரிசிக்கான செலவு திறைசேரியை அழுத்தவே, நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பகலுணவு நின்றது. புகையிரதக் கட்டணமும் ஏறியது. ஓகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால், உயிர்களும் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். ஏடுகளில் இவ்வளவும் உண்டு. எட்டு வயதுச் சிறுமியின் பகற்பசி மட்டும் அவற்றில் இல்லை.

அடுத்து எழுந்தவன் அயல்வீட்டு மீனவரின் மகன். ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபா ஆனதிலிருந்து அவன் தந்தையார் கடலுக்குப் போன நாட்கள் சில. வள்ளத்தின் எஞ்சின் திண்ணையிலே சாக்கு மூடிக் கிடந்தது.

"சேர், அப்பா எஞ்சினுக்குப் பட்ட கடன் மீனாகத் திரும்பி வந்தது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். அந்தத் துண்டு எதுவாகத் திரும்பி வந்தது? இப்போது அதை அப்பாவின் மண்ணெண்ணெயால் அடைக்கிறார்கள். செலவைக் குறைக்கத்தான் வேண்டுமென்றால், உங்கள் சம்பளமும் அரசாங்கச் செலவுதானே?"

நமக்கு நா எழவில்லை. விலைவாசியால் அதன் பெறுமதி தேய்ந்திருந்தது உண்மை. ஆயினும் மாதந்தோறும் அது வந்தது. 1945இல் தொடங்கிய இலவசக் கல்விக்குச் செலவிடாதிருந்தால் நாமும் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டோம் என்று சொல்ல எண்ணினோம். அந்த வேளையில் அது நம்மைக் காக்கும் வாதமாகவே ஒலிக்கும் என்று விட்டுவிட்டோம்.

பின்னர் 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலருக்கு இணங்கியது. 2024 ஜனவரியில் அதே வரி 18 சதவீதமாயிற்று. துண்டைக் குறைத்தல் தவிர்க்க இயலாதது என்பதே இன்றும் நமது கருத்து. ஆனால் மண்ணெண்ணெய் மானியம் ஓரிரவிற் போயிற்று. அஸ்வெசும என்னும் புதிய உதவித் திட்டமோ 2023 ஜூலையிலேதான் நடைமுறைக்கு வந்தது. பழைய சமுர்த்தி இருந்ததுதான்; 340 ரூபாவுக்கு அது எம்மாத்திரம்? இடைப்பட்ட பதினொரு மாதங்களைக் கணக்கிட எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஒரு நிரல் இல்லை.

அன்றிரவு அயல்வீட்டுக்காரர் வேலியோரம் வந்து நின்றார்.

"மாஸ்டர், பிள்ளையள் என்னமோ வாதாடினதுகளாம். ஆர் வெண்டது?"

தீர்ப்புச் சொல்லவில்லை என்றோம்.

"அது கிடக்கட்டும். எண்ணெய் எப்ப குறையுமெண்டு ஆராவது சொன்னதுகளோ?"