ஒரு பாட்டில், நாலு தலை

முதல்லயே சொல்லிடறேன், இது அழகுக்குறிப்பு கிடையாது. பொட்டி தட்டுற ஒருத்தன், ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ரெண்டு வாரத்துல, ஷாம்பு பாட்டிலோட பின்பக்கத்தைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட சமாச்சாரம். முன்பக்கம் இருக்கறது எல்லாம் விளம்பரம். பட்டுக் கூந்தல், பாதாம், முட்டை, இத்யாதி. பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கறதுதான் சோர்ஸ் கோட். நமக்கு அதைத்தானே படிச்சுப் பழக்கம் :-)

எதுக்கு இந்த ஆராய்ச்சின்னு கேப்பீங்க. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க வீடு கோபி பக்கம். மொத்தம் நாலு தலை. அப்பாவுக்கு முன்மண்டை காலி, மிச்சம் இருக்கற இடத்துல எண்ணெய் வழியும். அம்மாவுக்கு நரை, மாசம் ஒருதடவை டை. எனக்கு நேர்முடி, ஹெல்மெட், வேர்வை. தங்கச்சிக்கு நல்ல சுருட்டை. நாலு பேருக்கும் வருஷக்கணக்கா மளிகைச் சாமானோட வர்ற ஒரே ஃபேமிலி பேக்தான். மத்த மூணு பேருக்கும் பெருசா பிரச்சினை இல்லை. தங்கச்சிக்கு மட்டும் தலைக்குக் குளிச்சுட்டு வந்தா வைக்கோல் போர். விசேஷ வீட்டுக்குப் போனா அத்தைமாருங்க, "ஏம்மிணி, தலையைச் சீவக் கூடாதா? பரட்டையாட்ட இருக்குது"ம்பாங்க. சென்னைக்கு வேலைக்கு வந்து ஓ.எம்.ஆர். ஹாஸ்டல்ல சேர்ந்தப்புறம் இன்னும் மோசம்.

போன வருஷம் ஒருநாள் போன்ல, "அண்ணா, ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணிக்கலாம்னு இருக்கேன். இல்லைன்னா ஒட்ட வெட்டிடறேன். எனக்கு முடியே சரியில்லைண்ணா"ன்னா. பார்லர்ல சொன்ன தொகை அவளோட பாதி மாசச் சம்பளம். காசு கூடப் போகட்டும். ஒரு பொண்ணு இருபத்திமூணு வருஷமா தன்னோட தலைமுடியை ஒரு குறையாவே நினைச்சுட்டு இருந்திருக்காளேங்கறதுதான் எனக்கு உறுத்துச்சு. குறை முடியிலயா, இல்லை அதுல ஊத்துறதுலயா? அதைப் பார்த்துடலாம்னுதான் பாட்டிலைத் திருப்பினேன்.

படிக்கிற முறை ரொம்பச் சுலபம். எது அதிகமோ அது முதல்ல. முதல் பேரு எப்பவும் தண்ணீர். ரெண்டாவது, மூணாவது இடத்துல இருக்கறதுதான் பெரும்பாலும் அழுக்கை எடுக்கற சரக்கு. ஒரு சதவீதமும் அதுக்குக் கீழயும் இருக்கற ஐட்டங்களை எந்த வரிசையில வேணும்னாலும் போட்டுக்கலாம். அதனால முன்பக்கம் பெரிய படமா இருக்கற பாதாம், பின்பக்கம் வாசனைத் திரவியத்துக்கும் கீழ உக்காந்திருந்தா, அது அனேகமா பேருக்குத்தான் இருக்கு.

அழுக்கை எடுக்கற சரக்குக்கு சர்ஃபாக்டன்ட்னு பேரு. குட்டையில நீந்துற தவளைக்குஞ்சு மாதிரி நினைச்சுக்கங்க. தலைக்குத் தண்ணி பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால் எல்லாம் போய் தலையில இருக்கற எண்ணெய்ப் பிசுக்குல குத்திக்கும். தலை எல்லாம் வெளியே தண்ணியைப் பார்த்து நிக்கும். இப்படி உருண்டை உருண்டையா சுத்தி வளைச்சதும், ஊத்துற தண்ணியோட பிசுக்கு போயிடும். அதுல ஒட்டியிருந்த தூசியும் கூடவே போயிடும்.

நம்ம ஊர்க் கடையில கிடைக்கிற ஷாம்பு பாதிக்கு மேல ரெண்டாவது இடத்துல 'சோடியம் லாரெத் சல்ஃபேட்' இருக்கும். இதோட அண்ணன் 'சோடியம் லாரில் சல்ஃபேட்'. அண்ணன் முரடன், தம்பி கொஞ்சம் சாது. ரெண்டு பேருக்கும் அந்த 'லார்' வந்தது லாரிக் அமிலத்துல இருந்து. தேங்காயெண்ணெயில ஏறக்குறைய பாதி அதுதான். பனைக்கொட்டை எண்ணெயிலயும் நிறைய உண்டு. இந்த எண்ணெய்கள்ல இருந்துதான் இந்தச் சரக்கைப் பெரும்பாலும் தயாரிக்கிறாங்க. அதாவது ராத்திரி தேங்காயெண்ணெய் தேய்ச்சு, காலையில அதே தேங்காயோட பங்காளியை விட்டே கழுவிக்கிறோம் :-)

அடுத்து நுரை. எங்க அம்மாவுக்கு நுரை வரலைன்னா குளிச்ச மாதிரியே இருக்காது. ஆனா நுரைங்கறது தண்ணிப் படலத்துக்குள்ள மாட்டின காத்து, அவ்வளவுதான். அழுக்கை எடுக்கறது அந்தத் தவளைக்குஞ்சுங்க. நுரைக்கு அதுல பெருசா பங்கு இல்லை. எண்ணெய் நுரையை அடிச்சுடும். முதல் தடவை போட்டா நுரை கம்மி, ரெண்டாவது தடவை பொங்கறதுக்குக் காரணம் இதுதான். 'கெட்டியா இருந்தா ஸ்ட்ராங்'ங்கறதும் கதை. லாரெத் சல்ஃபேட் கரைசல்ல சாதா உப்பை அளவாக் கலந்தாலே கொழகொழன்னு கெட்டியாயிடும். பட்டியல்ல சோடியம் குளோரைடு இருக்கறதுக்குக் காரணம் இதுதான்.

இப்ப நாலு தலைக்கும் வருவோம். எண்ணெய் சுரக்கறது மண்டையில, முடியில இல்லை. நேர்முடியில அந்த எண்ணெய் சறுக்குமரம் மாதிரி நுனி வரைக்கும் வந்துடும். சுருட்டை முடியில ஒவ்வொரு வளைவுலயும் தடைபட்டு நிக்கும். மண்டை பிசுக்கா இருக்கறப்பவே நுனி காஞ்சு கெடக்கும். அங்க போய் எனக்கும் அப்பாவுக்கும் சரியா இருக்கற அதே சல்ஃபேட்டை நுனி வரைக்கும் தேய்ச்சா, இருந்த கொஞ்ச நஞ்ச எண்ணெயும் போயிடும். பத்தாததுக்குக் காஞ்ச முடியில சீப்பு வேற. சுருள் எல்லாம் பிரிஞ்சு நிக்கும். அத்தைமாரு சொன்ன 'பரட்டை' இப்படித்தான் உருவாச்சு. சீவாததால இல்லை, சீவினதால!

அப்பா விஷயம் வேற. குட்டை முடி, எண்ணெய் மண்டை. சல்ஃபேட் ஷாம்புவே போதும், காய்றதுக்கு நுனின்னு ஒண்ணு இருந்தாத்தானே. ஷாம்பு போட்டதாலதான் வழுக்கைன்னு அவர் சொல்லுவாரு. ஆண்களோட வழுக்கை பரம்பரையும் ஹார்மோனும் பண்ற வேலை, பாவம் ஷாம்பு என்ன செய்யும். ஒரு நாளைக்கு அம்பதுல இருந்து நூறு முடி உதிர்றது சகஜம். வாரம் ஒருதடவை தலைக்குக் குளிச்சா, வாரம் பூரா உதிர்ந்தது மொத்தமா ஒரே நாள்ல கையில வந்து பயமுறுத்தும்.

அம்மாவோட டை போட்ட முடி மேல்தோல் சேதமான முடி, தண்ணியை வேகமா உறிஞ்சும். அவங்களுக்கு மென்மையான சரக்குதான் நல்லது. குளிக்கறதுக்கு முன்னாடி தேங்காயெண்ணெய் வெக்கிற பழக்கத்தை மட்டும் விடவே வேணாம். 2003-ல மும்பைல ரேலே, மோஹிலேன்னு ரெண்டு பேர் வெளியிட்ட ஆய்வுல, தேங்காயெண்ணெய் முடிக்குள்ள இறங்கி, கழுவும்போது புரதம் போறதைக் குறைக்குதுன்னு காட்டியிருக்காங்க. சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்த வித்தை தெரியலை. ஆய்வு பண்ணது தேங்காயெண்ணெய் விக்கிற மாரிக்கோ கம்பெனியோட ஆய்வுக்கூடம்ங்கறதையும் சேர்த்தே சொல்லிடறேன்.

ஹாஸ்டல்ல ஏன் மோசமாச்சு? தண்ணி. எங்க ஊர்ல பவானி, அங்க போர் தண்ணி. முதல் வருஷம் கெமிஸ்ட்ரி லேப்ல தண்ணியோட கடினத்தன்மை கண்டுபிடிக்க ஈ.டி.டி.ஏ. ஊத்தி, வைன் ரெட்ல இருந்து ஸ்டீல் ப்ளூ வர்ற வரைக்கும் பியூரெட்டை முறைச்சுக்கிட்டு நின்னோமே, ஞாபகம் இருக்கா? அதே ஈ.டி.டி.ஏ. நிறைய ஷாம்புல உண்டு. கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கற வேலை. குளியல் சோப்பையே தலைக்கும் போடறவங்களுக்கு உப்புத் தண்ணியில வெள்ளையா பிசுபிசுன்னு படியும். சோப்பும் கால்சியமும் சேர்ந்து கரையாத உப்பா மாறிடுது. ஷாம்பு அந்த அளவுக்குப் படியாது.

சரி, 'சல்ஃபேட் ஃப்ரீ'ன்னு போட்டதை எல்லாம் வாங்கிடலாமா? அங்கயும் திருப்பிப் பாருங்க. 'சோடியம் சி14-16 ஓலிஃபின் சல்ஃபோனேட்' இருந்தா, பேர்ல சல்ஃபேட் இல்லை, குணம் கிட்டத்தட்ட முரட்டு அண்ணன்தான். 'டெசில் குளுக்கோசைடு', 'சோடியம் கோகாயில் ஐசெதியோனேட்' மாதிரி பேருங்க முன்னாடி இருந்தா நிஜமாவே சாது. 'கோகமிடோப்ரோப்பில் பீட்டைன்' ரெண்டு வகையிலயும் துணை நடிகரா வந்து, முரடனோட கடுமையைக் குறைக்கும். ஆனா சாதுன்னா எல்லாருக்கும் ஆகும்னும் இல்லை. 2004-ல அமெரிக்கத் தொடுதோல் அழற்சி சங்கம் 'இந்த வருஷத்தோட அலர்ஜி'ன்னு பட்டம் குடுத்தது இந்த பீட்டைனுக்குத்தான். பதிலுக்கு, லாரில் சல்ஃபேட் போட்டா புற்றுநோய்னு 1990-களோட கடைசியில ஒரு ஃபார்வர்டு மெயில் சுத்துச்சு. அதுக்கு ஆதாரமே கிடையாது. அதுதான் இப்ப வாட்ஸப்ல அம்மாவுக்கு வருது. அது தோலை எரிச்சப்படுத்தலாம், அவ்வளவுதான்.

சீயக்காய், பூந்திக்கொட்டை, எங்க கொங்குநாட்டு அரப்பு எல்லாத்துலயும் இருக்கற சப்போனினும் ஒரு சர்ஃபாக்டன்ட்தான். 'கெமிக்கலே இல்லை'ன்னு சொல்றவங்க கிட்ட இதை மெதுவாச் சொல்லுங்க :-)

தங்கச்சிக்கு நான் எழுதிக் குடுத்தது நாலே வரி. சாது ஷாம்பு, மண்டைக்கு மட்டும். நுனிக்குக் கண்டிஷனர். ஈரமா இருக்கறப்பவே விரலால சிக்கெடு. காஞ்சப்புறம் சீப்பைத் தொடாதே. கழுவின முடியில எதிர்மின்னூட்டம் இருக்கும், கண்டிஷனர்ல 'ட்ரைமோனியம் குளோரைடு'ன்னு முடியற சரக்குல நேர்மின்னூட்டம். ரெண்டும் ஒட்டிக்கும், முடி முறைச்சுக்கிட்டு நிக்காது. எல்லாம் சேர்த்துச் செலவு ஐநூறு ரூபாய்க்குள்ள. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு போட்டோ அனுப்பினா. சுருள் சுருளா, அத்தனையும் அவளோடதே. பார்லர்ல போன் பண்ணப்ப வேணாம்னுட்டாளாம். தை மாசம் கல்யாண வீட்டுல ஒரு அத்தை, "எந்தப் பார்லர்ல அம்மிணி சுருட்டை வெச்சே?"ன்னு கேட்டிருக்காங்க. "பொறந்தப்பவே வெச்சது அத்தை"ன்னுட்டு வந்திருக்கா.

வீட்டுல இப்ப ரெண்டு பாட்டில். அம்மாவும் தங்கச்சியோட பாட்டிலுக்கு மாறிட்டாங்க, ஆனா ஒவ்வொரு தடவையும், "ஏன் கண்ணு, நுரையே காணோம், பழசாப் போச்சா?"ன்னு கேக்கறதை மட்டும் நிறுத்தலை.

டிஸ்கி: மண்டையில புண்ணு, திட்டுத்திட்டா முடி கொட்டறது, நிக்காத பொடுகு, இதுக்கெல்லாம் பாட்டிலைத் திருப்பிப் பிரயோஜனம் இல்லை. தோல் டாக்டரைப் பாருங்க.