மாமனார் விட்டுப் போன வண்டி

மோட்டார் ரிப்பேரைப் பற்றி ஒரு குடும்பப் பெண் எழுதுவதா என்று யாரும் புருவத்தை உயர்த்த வேண்டாம். வண்டியை ஓட்டுகிறவர் ஒருவர்தான். அதில் ஏறி உட்காருகிறவர்கள் குழந்தை குட்டிகளோடு ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் பெரும்பாலும் நாம் இருக்கிறோம். ஆகவே, வண்டி ஓடுமா என்று ஆண்கள் கவலைப்படட்டும்; அது நிற்குமா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

எங்கள் வீடு சேலத்தில் இருக்கிறது. என் மாமனார் 1974-ல் வாங்கிய அம்பாஸிடர் கார் இன்றும் எங்கள் போர்ட்டிகோவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தயாராகத் தொடங்கிய அந்த வண்டி, 2014-ல் உற்பத்தியே நின்று போய்விட்டது. மாமா கண்ணை மூடிய பிறகும் அதை விற்க என் கணவருக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைத்துப் பாலிஷ் போடுவார். பொங்கலுக்கு மாலை, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் உண்டு. ஓட்டம் மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை, கடைவீதி வரைக்கும்.

போன வருஷம் ஆடி மாதம் பிறந்தவுடன் ஒரு யோசனை கிளம்பிற்று. பதினெட்டாம் பெருக்கு அன்று தாத்தாவின் வண்டியிலேயே கொல்லிமலைக்குப் போய் அறப்பளீசுவரரைத் தரிசித்துவிட்டு வருவது என்று என் கணவர் சொன்னார். பெங்களூரில் இருக்கும் மகனும் மருமகளும் பேரக் குழந்தைகளுடன் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் அந்தப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் எழுபது. நம் ஏற்காட்டுப் பாதையில் இருபதுதான். எழுபதையும் ஏறுவது இஞ்சினுக்குச் சோதனை. இறங்குவது பிரேக்குக்குச் சோதனை.

பயணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. அன்று வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டுப் போர்ட்டிகோவைக் கழுவிக்கொண்டிருந்தேன். தரையில் பெயின்டால் போட்டிருந்த தாமரைக் கோலத்தில் ஓர் இதழ் கொழகொழவென்று கரைந்து போயிருந்தது. விரலால் தொட்டால் பெயின்ட் ஒட்டிக்கொண்டு வந்தது. "இஞ்சின் ஆயில் சொட்டியிருக்கும்" என்றார் என் கணவர். இஞ்சின் ஆயில் கறையாகப் படியும், பெயின்டைக் கரைக்காது. பெயின்டைத் தின்கிற எண்ணெய் பிரேக் எண்ணெய்தான். நான் பிறந்த ஊர் நாமக்கல். என் சித்தப்பா நாற்பது வருஷம் லாரிப் பட்டறையில் உழைத்தவர். அங்கே விளையாடித் திரிந்த காலத்தில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கறை இருந்த இடமும் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், அச்சுக்கு நேர் கீழே.

உடனே சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "வண்டியை எடுக்க வேண்டாம்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லு கண்ணு. நான் வந்துடறேன்" என்றார். மறுநாள் காலை பஸ்ஸில் சாமான் பையோடு வந்து இறங்கிவிட்டார்.

காப்பி குடித்த கையோடு பாயை விரித்து வண்டிக்கு அடியில் டார்ச்சுடன் படுத்தார். பின் அச்சின் மேலே ஓடும் பிரேக் குழாய் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புக் குழாய். அதை அச்சோடு பிடித்திருந்த கிளிப்புக்கு அடியில் மண் இறுகிக் கிடந்தது. மண்ணைச் சுரண்டினால் அப்பளம் உடைவதுபோல் துரு பெயர்ந்து வந்தது. உள்ளே எண்ணெய் பனித்துளிபோல் முத்து முத்தாகக் கசிந்துகொண்டிருந்தது.

"நல்ல வேளை, தரையிலேயே சொல்லிடுச்சு. மலையில வந்து சொல்லலை" என்றார் சித்தப்பா.

பிரேக் வேலை செய்யும் விதத்தை அவர் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். நாம் காலால் மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள எண்ணெய் அழுத்தப்படுகிறது. மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் எல்லாத் திசைக்கும் அதே அழுத்தம் பரவும் என்பது பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் பதினேழாம் நூற்றாண்டில் கண்ட உண்மை. அந்த அழுத்தம் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் போய்ப் பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது. 1921-ல் அமெரிக்காவில் டூசன்பர்க் என்ற கார் இப்படி நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் பிரேக்குடன் விற்பனைக்கு வந்தது. பலமாக மிதித்தால் குழாய்க்குள் சதுர அங்குலத்துக்குப் பல நூறு பவுண்டு அழுத்தம் ஏறும். துருவால் இளைத்த குழாய் அந்தச் சமயத்தில்தான் வெடிக்கும். அதாவது, அவசரமாக நிறுத்த வேண்டிய நேரத்தில்.

"உங்க ஊர் லாரிக்கெல்லாம் இந்தப் பயம் இல்லையா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"பெரிய லாரிக்குக் காத்து பிரேக் கண்ணு. காத்து இறங்கிப் போனா உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தானா வந்து பிரேக்கைப் பிடிச்சுக்கும். காருக்கு அந்தப் புண்ணியம் கிடையாது. எண்ணெய் போனா மிதிக்கிற கால் தரையைத்தான் தொடும்."

எங்கள் வண்டிக்கு இன்னொரு சங்கடம். நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் நாலுக்கும் பிரேக் போய்விடும். பின்னால் வந்த கார்களில் சுற்று இரண்டாகப் பிரிந்தது. ஒன்று போனாலும் மற்றொன்று ஓரளவு கைகொடுக்கும். அமெரிக்காவில் 1968 முதல் புதுக் கார்களுக்கு அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். பனிப் பிரதேசங்களில் சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு வண்டியின் அடிப்பாகத்தை அரித்துவிடும் என்று படித்திருக்கிறேன். பழைய டிரக்குகளில் பிரேக் குழாய் துருப்பிடிப்பதைப் பற்றி அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையே விசாரித்து, 2015-ல் அடிப்பாகத்தைக் கழுவுங்கள், குழாய்களைச் சோதியுங்கள் என்று மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. சேலம் சீமையில் பனியும் இல்லை, உப்பும் இல்லை. வெயிலில் வற்றல் காயும் ஊர். இங்கே எப்படித் துரு வந்தது?

"ஓடாம நிக்கிற வண்டிக்குத்தான் துரு சீக்கிரம் வரும்" என்றார் சித்தப்பா. மழையில் ஒட்டிய சேறு கிளிப்புக்கு அடியில் தங்கி ஈரத்தை விடாமல் வைத்திருக்கும். தவிர, பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. வருஷக் கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் குழாயை உள்ளேயிருந்தும் அரிக்கும். மேலே பாலிஷ் போட்டால் கீழே இருப்பதற்கு என்ன தெரியும்?

இங்கேதான் வீட்டில் வாக்குவாதம் தொடங்கியது.

"கெட்டுப் போனது ஒரு சாண் நீளம்தானே மாமா? அதை மட்டும் வெட்டிவிட்டு நடுவில் ஒரு ஜாயின்ட் போட்டுவிடலாமே. மற்றதெல்லாம் அப்பா காலத்துச் சாமான்" என்றார் என் கணவர். அப்பா காலத்துச் சாமான் என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. பெங்களூரிலிருந்து மகனும், "மெதுவாகத்தானே போகப் போகிறோம் அம்மா" என்று சிபாரிசு செய்தான்.

சித்தப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "மாப்பிள்ளை, கிணத்துக் கயிறு ஓரிடத்துல நைஞ்சா முடிச்சுப் போட்டு இறைக்கலாம். போனா குடம் போகும். இது குடம் இல்லீங்க. ஒரே நாள்ல போட்ட குழாய், ஒரே வயசு. இந்த ஒரு சாண் மத்ததுக்கெல்லாம் சாட்சி சொல்லுது. சாட்சியை மட்டும் வெட்டி எறிஞ்சா வழக்கு முடிஞ்சுடுமா?"

என் கணவர் பதில் பேசவில்லை. நான் மட்டும் ஒரு காரியம் செய்தேன். வண்டிச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். "பேரப்பிள்ளைகள் ஏறுகிற வண்டி இது. சித்தப்பா சரி என்று சொல்லாமல் இந்த முடிச்சு அவிழாது" என்றேன். ஆடிப் பெருக்குக் கொல்லிமலைப் பயணம் அதோடு ரத்தாயிற்று. அன்று வீட்டிலேயே சித்திரான்னம் செய்து சாப்பிட்டோம். யார் முகத்திலும் சுரத்து இல்லை.

பிறகு வேலை நடந்தது. நம் போர்ட்டிகோவிலேயே மூன்று நாள். கவனித்ததைச் சொல்கிறேன், வீட்டில் யாராவது இந்த வேலையில் இறங்கினால் நீங்கள் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கலாம்.

முதலாவது, ஜாக்கி மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இரும்பு ஸ்டாண்டுகளில் வண்டியை இறக்கி, ஆட்டிப் பார்த்த பிறகே சித்தப்பா உள்ளே போனார். பிரேக் டிரம்மில் இருந்த தூசியை ஊதவும் விடவில்லை. பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்று ஈரத் துணியால் துடைத்தார்.

குழாய் முனையில் இருக்கும் நட்டுகள் துருவேறி இறுகிப் போயிருந்தன. அவற்றுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊற வைத்தார். சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டின் மூலை மழுங்கிவிடும். நட்டை முழுக்கச் சுற்றிப் பிடித்து, குழாய் நுழைய மட்டும் வாய் பிளந்திருக்கும் ஒரு ஸ்பேனர் உண்டு, அதைத்தான் உபயோகித்தார்.

புதுக் குழாய் வாங்கப் போன என் கணவர், ஃப்ரிட்ஜுக்குப் போடும் செப்புக் குழாய் சுலபமாக வளைகிறது என்று ஒரு சுருள் வாங்கி வந்துவிட்டார். சித்தப்பா அதைத் திருப்பி அனுப்பினார். வெறும் செம்பு அதிர அதிர இறுகி, ஒரு நாள் கீறல் விடும். பிரேக்குக்கென்றே செய்த இரும்புக் குழாய் வேண்டும். அல்லது செம்பும் நிக்கலும் கலந்த குழாய் வேண்டும். துருவுக்கு அசையாத இந்தக் கலப்புக் குழாயை ஸ்வீடன் நாட்டு வால்வோ கார்களில் 1970-களிலிருந்தே போட்டார்கள். குழாயின் வாயைப் பூரி மடிப்பதுபோல் இரண்டு மடிப்பாக விரிக்க வேண்டும். ஒற்றை மடிப்பு அழுத்தத்தில் வெடிக்கும். பழைய குழாயை மாதிரியாகத் தரையில் கிடத்தி, அதே வளைவுகளைப் புதியதற்கும் கொடுத்தார். எங்கும் மடங்கி நசுங்காமல், எதிலும் உரசாமல் கிளிப் போட்டார். ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினார்.

நான் உதவியாக இருக்கட்டும் என்று மண்ணெண்ணெயை நீட்டினேன். "அது கிட்டவே வரக் கூடாது கண்ணு. உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிப் போயிடும்" என்று ஸ்பிரிட்டால் துடைத்தார்.

கடைசியில் என் முறை வந்தது. குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். தையல் மிஷின் மிதித்த கால் இதற்கு அஞ்சுமா? "மிதி... அப்படியே பிடி... இப்ப விடு" என்று சித்தப்பா கீழேயிருந்து குரல் கொடுத்தார். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சக்கரத்தில் ஆரம்பித்து, கிட்டத்தில் இருக்கும் சக்கரத்தில் முடித்தோம். முதலில் டிகாக்ஷன் நிறத்தில் பழைய எண்ணெய் வந்தது; பிறகு குமிழி குமிழியாகக் காற்று; கடைசியில் தேன் நிறத்தில் புது எண்ணெய். அதுவரை பஞ்சுபோல் அமுங்கிய பெடல் கல்லுப்போல் நின்றது. வெளியே வந்த எண்ணெயைத் திரும்ப ஊற்றவில்லை. மிச்ச எண்ணெயைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்தேன், அது விஷம்.

பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிஷம் மிதித்துப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தார் சித்தப்பா. காகிதம் நனையவில்லை. அதற்கும் திருப்தி அடையாமல், ஒரு பட்டறைக்கு மெதுவாக ஓட்டிப் போய் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினார். "என் கண்ணுக்கும் வயசாயிடுச்சு. பிரேக் வேலையை ரெண்டு கண் பார்க்கணும்" என்றார். நாற்பது வருஷம் அனுபவம் உள்ளவர் சொன்ன வார்த்தை இது. அனுபவம் இல்லாதவர்கள் கோளாறைக் கண்டுபிடிப்பதோடு நின்று, வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதே புத்திசாலித்தனம்.

முந்தானை முடிச்சு அன்று அவிழ்ந்தது. ஆவணியில் நல்ல நாள் பார்த்துக் கொல்லிமலைக்குப் போனோம். இறங்கும்போது என் மகன் தாழ்ந்த கியரில் போட்டு, இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி ஓட்டினான். இறக்கம் முழுதும் பிரேக்கையே மிதித்தால் எண்ணெய் சூடேறிவிடும். சாதாரணப் புது எண்ணெய் 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் சேர்ந்த பழைய எண்ணெய் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் தரையில். "அப்பாயி, எழுபதாவது வளைவு!" என்று பேத்தி கை தட்டியபோதுதான் என் கை முன் சீட்டை விட்டது.

கழற்றிய பழைய குழாய்களை என் கணவர் தூக்கி எறியவில்லை. துடைத்து, மாமாவின் கண்ணாடியும் பேனாவும் இருக்கிற அலமாரியில் வைத்திருக்கிறார். அப்பாவின் ஞாபகத்துக்கு அவை அங்கேயே இருக்கட்டும். வண்டிக்கு அடியில் இருக்க வேண்டியது பேரக் குழந்தைகளைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்க்கிற குழாய்.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி நிற்கிறதா? பிரேக் எண்ணெயை எப்போது மாற்றினீர்கள் என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மழைக்காலம் முடிந்ததும் அடிப்பாகத்தைக் கழுவி, கிளிப்புக்கு அடியில் பார்க்கச் சொல்லுங்கள். பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால் அன்றே வண்டியை நிறுத்திவிடச் சொல்லுங்கள். தரையைப் பார்ப்பதை மட்டும் அவர்களிடம் விட வேண்டாம். தினமும் பெருக்குகிறவர்கள் நாம்தானே!