பில் தப்பு என்று சொன்ன மனுஷன்

அன்புள்ள சரோ,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு நீ என்னைத் திட்டலாம். ஆனால் காரணத்தைக் கேட்டால் திட்டு பாதியிலேயே சிரிப்பாகிவிடும். கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன்டி. சின்னவன் சைக்கிளிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு சோபாவே கதியென்று கிடக்கிறான். ரிமோட் அவன் கையில். நான் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

முதல் சமாசாரம், சூப்பர்மேன் கொலை பண்ணிவிட்டான். கன்சாஸ் பண்ணைவீட்டில் வளர்ந்த பிள்ளை, ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காது என்று பேர் வாங்கிய பிள்ளை, அமெரிக்க ஜனாதிபதியை அவருடைய ஆபீஸ் அறையிலேயே வைத்து முடித்துவிட்டது. ஜனாதிபதி யார் என்கிறாயா? லெக்ஸ் லூதர். மொட்டைத் தலை, மண்டை நிறைய மூளை, அதற்கு மேல் வன்மம். ஒரு பொத்தானில் கையை வைத்துக்கொண்டு, உலகமே அழியட்டும் என்று நிற்கிறான். போதாததற்குப் பேச்சு வேறு: என்னை எப்பவோ நிறுத்தியிருக்கலாமே, உனக்கு ஹீரோவாக இருக்கிற ஆசை விடவில்லை, அதனால்தான் என்னைத் தப்பவிட்டாய் என்கிறான். ஹீரோவாக இருப்பது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் அது இங்கேதான் கொண்டுவந்து விடுமென்றால் வேண்டாம் என்கிற மாதிரி ஒரு பதில். கண்ணில் சிவப்பாக ஒரு வெளிச்சம். முடிந்தது கதை. அதைவிட அந்தப் பிள்ளை முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

'ஜஸ்டிஸ் லீக்' தொடரில் 'எ பெட்டர் வேர்ல்ட்' என்று இரண்டு பாகம். 2003இல் வந்தது. ஸ்டான் பெர்கோவிட்ஸ் எழுதினது. இது நாம் பார்க்கிற உலகத்துக் கதை இல்லை, பக்கத்து உலகத்துக் கதையாம். அங்கே இந்த ஹீரோக் கூட்டத்துக்கு 'ஜஸ்டிஸ் லார்ட்ஸ்' என்று பேர். லீக் போய் லார்ட்ஸ் ஆனபோதே விஷயம் புரிந்திருக்க வேண்டும். கூட்டத்திலேயே வெகுளியாக ஜோக் அடித்துக்கொண்டு திரிவானே ஃப்ளாஷ், அவன் அங்கே உயிரோடு இல்லை. ஒரு வீட்டில் சிரிக்கிற ஆள் போய்விட்டால் மிச்சப் பேர் எப்படி ஆவார்கள் என்று உனக்குத் தெரியாதா, உங்கள் பெரியப்பா வீட்டை நினைத்துக்கொள்.

அந்த ஊரில் பைத்தியக்கார விடுதி ஒன்று இருக்கிறது, அர்க்கம் என்று. பேட்மேன் பிடித்துப் போடுகிற கொடியவர்கள் எல்லாம் அங்கேதான். அங்கே ஜோக்கர் வருகிறான் பார். வழுவழுவென்று தலை வாரி, மரியாதையாக, மெதுவாகப் பேசுகிறான். நம் ஊர் வங்கி மேனேஜர் தோற்றான். எனக்குக்கூட ஒரு நிமிஷம், பரவாயில்லையே, திருந்திவிட்டானே என்று தோன்றியது. சின்னவன்தான், "அம்மா, நெத்தியைப் பாரு" என்றான். நெற்றியில் இரண்டு சின்னப் பொட்டு. தீக்குச்சியை அணைத்து வைத்த மாதிரி. சூப்பர்மேன் கண்ணாலேயே மூளைக்குள் சுட்டுத் திருத்திய தழும்பாம். கீரையை அப்படியே வைத்துவிட்டேன்.

நம் உலகத்து லீக்கை இந்த லார்ட்ஸ் தங்கள் உலகத்துக்கு இழுத்துவந்து அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் இரண்டு பேட்மேனும் சந்திக்கிற இடம். குகைக்குள் இருட்டில், நம் உலகத்து ஆளும் அந்த உலகத்து ஆளும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டே வாக்குவாதம் பண்ணுகிறார்கள். இரண்டு பேருக்கும் குரல் கொடுத்தவர் ஒரே கெவின் கான்ராய்தான். 1992இலிருந்து பேட்மேனாகப் பேசியவர், 2022இல் போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம். ஒரே தொண்டை, தன்னோடு தானே சண்டை போடுகிறது. நம் ஆள் சொல்கிறான், மக்களிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டீர்கள் என்று. அந்த ஆள் ஒரே ஒரு பதில்தான் சொல்கிறான்: இந்த அதிகாரத்தை வைத்து, எந்த எட்டு வயதுப் பையனும் துப்பாக்கி வைத்திருக்கிற ஒரு பொறுக்கியால் அப்பா அம்மாவை இழக்காத உலகத்தைச் செய்திருக்கிறோம் என்று. பேட்மேன் அந்தப் பையன்தானே, சரோ? நம் ஆள் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு, நீ ஜெயித்தாய் என்று ஒப்புக்கொள்கிறான்.

உண்மையைச் சொல்கிறேன், நானும் ஒப்புக்கொண்டேன். 1996இல் காலேஜைக் கட் அடித்துவிட்டு 'இந்தியன்' பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? லஞ்சம் வாங்குகிறவன் வயிற்றில் தாத்தா கத்தியை இறக்கினபோது நீ விசில் அடித்தாய். பெற்ற பிள்ளையையே விடாத மனுஷன் என்று வீடு வரைக்கும் புகழ்ந்துகொண்டே வந்தோம். அந்தக் கை இன்னும் தட்டத்தான் துடிக்கிறது.

அப்புறம் இரண்டு பேட்மேனும் ஒரே காரில் ஊருக்குள் வருகிறார்கள். தெரு சுத்தம். திருட்டு இல்லை, கூச்சல் இல்லை. வழியில் ஒரு ஹோட்டல். சாப்பிட்ட ஆள் ஒருவன், பில்லில் தப்பு இருக்கிறது, நான் இதைச் சாப்பிடவே இல்லை என்கிறான். குரலைக் கொஞ்சம் உயர்த்துகிறான், அவ்வளவுதான். போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகிறது. சண்டை இல்லை, வெடி இல்லை, பின்னணியில் சங்கீதம் கூட அலறவில்லை. நம் பேட்மேன் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவனிடம் நிதானமாகச் சொல்கிறான்: அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இந்த ஊர் ரொம்பப் பிடித்திருக்கும், உன்னை நினைத்துப் பெருமைப்படுவார்கள். ஊசி ஏற்றுகிற மாதிரி. அத்தனை வாதத்துக்கும் மசியாத ஆள் அந்த ஒரு பேச்சில் மனம் மாறி, இவர்கள் வீடு திரும்ப வழி பண்ணிக் கொடுக்கிறான்.

இதைப் பார்த்ததிலிருந்து எனக்கு எங்கள் மூன்றாம் மாடி மாமி ஞாபகமாகவே இருக்கிறது. கீழே வைத்த சைக்கிள் இரண்டு காணாமல் போனதும் எங்கள் அபார்ட்மென்டில் மூலைக்கு மூலை கேமரா வைத்தார்கள். கூட்டத்தில் முதலில் கை தூக்கியவள் நான்தான். சைக்கிள் அப்புறம் போகவில்லை, சொல்லத்தான் வேண்டும். பிறகு மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் அபராதம், வேலைக்கார அம்மா லிஃப்டில் ஏறினால் படத்தோடு வாட்ஸ்அப்பில் நோட்டீஸ். போன மாதம் மாமி தண்ணீர் லாரிக் கணக்கில் நாலு லோடு கூட எழுதியிருக்கிறதே என்று கேட்டாள். ஒழுங்காகப் பேசுவதென்றால் இருங்கள், இல்லையென்றால் போங்கள் என்றார் செயலர். எழுந்து போனாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வம்பும் மிச்சம் இருக்கிறது, அதுதான் உச்சம். அந்த லார்ட்ஸ் நம் உலகத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர்களுடைய சக்தியைப் பிடுங்குகிற துப்பாக்கியைச் செய்ய நம் உலகத்தில் ஒருவனுக்குத்தான் மூளை இருக்கிறது. சிறையில் இருக்கிற நம் லூதருக்கு! சூப்பர்மேனே நேரே போய், மன்னிப்பு வாங்கித் தருகிறேன், செய்து கொடு என்கிறான். அவனும் செய்து கொடுக்கிறான், லார்ட்ஸும் தொலைகிறார்கள். பேச்சுப்படி லூதர் விடுதலை. வெளியே வந்ததும் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு, ஒருவேளை அரசியலுக்கு வரலாம் என்று பல்லைக் காட்டுகிறான்!

"அங்கே இவன்தானேம்மா ஜனாதிபதி ஆனான்? இங்கேயும் விட்டுட்டாங்களே, அப்ப யார் பண்ணதும்மா சரி?" என்று சின்னவன் கேட்டான். கீரையில் பாதிக் காம்பு கிடந்தது. அதைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டேன்.

நீ என்ன சொல்லியிருப்பாய், எழுது. அந்த விசில் இன்னும் வருகிறதா என்பதையும் எழுது.

உன்,
விஜி